அந்தோனியார் காலடியில் ஒரு றிவோல்வர்

கிறிகோரியைப் போல ஒரு வெகுளியை இத்தாலியின் பலேர்மோ நகரம் முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்கமாட்டீர்கள். மன்னார் பேசாலையில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவன், ஆங்கிலம் வாசிப்பான். இங்கே வந்தபிறகு பொலிதேயாமாவில் லோ வேர்தே என்ற கிழவருக்குச் சமைத்துப்போட்டு, குளிப்பாட்டி, சவரம் செய்துவிடுவதுதான் வேலை. அதில் அவனுக்கு வெட்கமில்லை. அவனுக்கிருந்தது ஒரேயொரு ஆசை: பேசாலையில் இருக்கும் மனைவி செலஸ்ரீனாவை இங்கே கூப்பிட வேண்டும்.

கலியாணம் முடித்து ஏழு மாதத்தில் பிரிந்தவர்கள். நாலு வருசம் கழித்து, 1995இல், ஒருவழியாகப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிடப் பத்திரம் புதுப்பித்து, அவளைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தையும் குவெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமைக் கந்தோரில், கொடுத்துவிட்டான். மூன்று மாதத்தில் சரிவரும் என்றார்கள். மனுசன் அன்றைக்கே இரண்டு தலையணை வாங்கிவிட்டான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் லோ வேர்தே கிழவர்தான். அவருடைய தகப்பனிடம் ஒரு பழைய றிவோல்வர் இருந்ததாம், உலகச் சண்டைக் காலத்தில் தொலைந்துபோனதாம். சாகமுதல் அதைப்போல ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று ஒரு மாதமாக அரித்தெடுத்தார். கடைசியில், பழம்பொருள் சந்தையில் ஒரு கடைக்காரன் வைத்திருக்கிறானாம், வாங்கிக்கொண்டு வா என்று காசையும் கொடுத்து அனுப்பினார். கிழவர் வாயால் கேட்டால் இவனுக்கு மறுக்கத் தெரியாது.

கடைக்காரன் மரப்பிடி போட்ட றிவோல்வர் ஒன்றை எடுத்துவைத்து, நூறு வருசப் பழசு, சுவரில் மாட்டி வைக்கிற சாமான், பத்திரம் ஒன்றும் தேவையில்லை என்று சத்தியம் பண்ணினான். கிறிகோரி அதைத் திருப்பிப் பார்த்தான். குழாயின் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடியெழுத்துப் பொறித்திருந்தது: 'குண்டு ஏற்ற முன் எச்சரிக்கைகளை வாசிக்கவும்.' அவனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஊரில் எத்தனை துவக்கைக் கண்டவன்! வேலிக்கு மேலால் நீட்டிய துவக்கு, பஸ்ஸை மறித்த துவக்கு. ஒன்றிலாவது 'கவனம்' என்று ஒரு சொல் எழுதியிருந்ததா? மனிதருக்குத் தீங்கு வரக்கூடாது என்று நினைத்த யாரோ நல்லவன் செய்த சாமான் இது என்று நம்பினான். எட அறிவுகெட்ட மனுசா, நூறு வருசத்துக்கு முன்னர் துவக்கில் எவனடா எச்சரிக்கை எழுதினான்? இந்தக் கேள்வி அவனுக்கு அப்போது வரவில்லை.

வாங்கியவன் நேரே கிழவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம்: சைக்கிள் வாங்கினாலும், வள்ளம் வாங்கினாலும், பாஸ்போட் வந்தாலும் முதலில் கோயிலில் வைத்து எடுக்க வேண்டும். கிறிகோரியும் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கோயிலுக்குள் போய், துணியை விரித்து, றிவோல்வரை அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்தான். மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நின்றான். கிழவருக்காக ஒரு மன்றாட்டு, செலஸ்ரீனாவுக்காக மூன்று மன்றாட்டு.

இரண்டு வருசத்துக்கு முன்னர்தான் அதே பலேர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் மாஃபியாக்காரர் ஒரு பாதிரியாரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த ஊரில், கோயிலுக்குள், ஒரு கறுத்த மனுசன், முன்னால் ஒரு துவக்கு! பூ மாற்ற வந்த கிழவி வைத்த கூக்குரலில் சந்தையே திரண்டது. பனை மரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள்ளென்றுதான் சொல்லும் உலகம். இவன் கையில் இருந்ததோ பால்கூட இல்லை.

பொலிஸ்காரன் அந்த எழுத்தைத்தான் முதலில் காட்டினான். "பழசென்றால் இது என்ன? இது புதிதாகச் செய்தது. சுடும்."

கிழவரிடம் போய் விசாரித்தார்கள். அன்று அவருக்குத் தலை சரியில்லாத நாள். "கிறிகோரியா? தங்கமான பிள்ளை. றிவோல்வரா? நான் ஏன் அதை வாங்கச் சொல்கிறேன்?" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நினைவில்லை, அவ்வளவுதான். அவரை நினைத்துக் கோபப்படவும் கிறிகோரியால் முடியவில்லை. அதுதான் பெரிய வேதனை.

இரண்டு கிழமை அடைத்துவைத்துவிட்டு வெளியே விட்டார்கள். ஆனால் வழக்கு முடியும்வரை விண்ணப்பம் அசையாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் பதினாறு மாதமாயிற்று. செலஸ்ரீனாவுக்கு அவன் உண்மையை எழுதவில்லை. துவக்கு என்ற சொல்லைக் கடிதத்தில் எழுத, அது வழியில் ஆமிக்காரன் கையில் அகப்பட்டால்? 'கொஞ்சம் பொறு' என்று மட்டும் எழுதினான். அவள் கடைசியாக எழுதினாள்: 'இஞ்சை ஒவ்வொரு நாளும் சுற்றிவளைப்பு. நீங்கள் பொறு பொறு எண்டுறியள், ஏனெண்டு சொல்லுறியள் இல்லை. உங்களுக்கு என்னிலை விருப்பம் விட்டுப்போச்சோ? நான் இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போறன். கூப்பிட நினைச்சால் அங்கையிருந்து கூப்பிடுங்கோ.'

வழக்குத் தள்ளுபடியானது. கடைக்காரன் ஏமாற்றியதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அது நடந்து இரண்டு மாதத்தில், பேசாலைக் கோயில் பாதிரியாரின் கடிதம் வந்தது. இராமேஸ்வரம் போன வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்துவிட்டது. பதினெட்டுப் பேர். செலஸ்ரீனாவின் உடல் கிடைக்கவில்லை.

பதினொரு நாள் கழித்துக் குவெஸ்தூராவிலிருந்து அழைப்பு வந்தது. செலஸ்ரீனா வர அனுமதி கிடைத்துவிட்டதாம். ஒரே வீட்டில் குடியிருந்த அற்புதமலர், வீடுகள் துப்புரவாக்கப் போகிறவள், அவனை மறித்தாள். "அண்ணை, இனி ஏன் அங்கை போறியள்? விடுங்கோ." அவன் கேட்கவில்லை. சேட்டு மாற்றி, தலை வாரி இழுத்துக்கொண்டு போய், மத்தியானம் வரை வரிசையில் நின்றான். யன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் தாளை நீட்டி வாழ்த்துச் சொல்ல, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தான்.

அற்புதமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "உந்தத் தாளை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

"தாளுக்குப் போகேல்லைத் தங்கச்சி. அங்கை அவவின்ரை பேரை முழுசாச் சொல்லி, உரத்துக் கூப்பிடுவினம். அதை ஒருக்காக் கேக்கத்தான் போனனான்."