நடுவரின் இடது காது

எங்கள் அத்தானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நடுவர்" என்றால்தான் தெரியும். யாருக்கும் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல, காரில் ஸ்டீரியோ மாட்டுகிறவர். மாட்டி முடித்ததும் பின் இருக்கையின் மத்தியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "குரல் நடுவுல வரணும்" என்பார். இரண்டு கதவு ஸ்பீக்கர்களும் ஒழுங்காகச் சேர்ந்து பாடினால், பாடுகிறவர் கதவுக்குள் இல்லாமல் எதிரே டேஷ்போர்டின் மேல் உட்கார்ந்திருப்பது போல் கேட்கும். அது வராமல் சாவியைக் கொடுக்க மாட்டார். அந்த நடுவை வைத்துப் பக்கத்து டயர்க்கடைக்காரர் சூட்டிய பட்டம் அது.

நான் அவர் மச்சினன். அதே ஷெட்டில் சீட் கவர் தைக்கிறேன். முக்கால்வாசி நேரம் ஏதாவது ஒரு காரின் பின் இருக்கையில்தான் கிடப்பேன், அதனால் அவர் கேட்டதை எல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அடக்கிவிடுவார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புது செட் வாங்கி வருகிறவர்கள் ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்வார்கள். இவர் மாற்ற மாட்டார். "கம்பெனி ஸ்பீக்கரே போதுங்க. செட்டு நல்லாருந்தா அதுவும் நல்லாப் பாடும். ரொம்ப சத்தமா மட்டும் வைக்காதீங்க, தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். வீடு தேடி வரும் சீதேவியைக் காலால் உதைக்கிறார் என்று டயர்க்கடைக்காரர் புலம்புவார். ஆனால் அந்த வார்த்தைக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள்தான் அதிகம்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது இடது காது போயிருந்தது. அக்காவைத் தவிர அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்காதான் என்னிடம் சொன்னாள்.

"உங்கிட்ட சொன்னேன்னு காட்டிக்காதடா. மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு."

அதிலிருந்து சாப்பிடும்போதும் டிவி பார்க்கும்போதும் அக்கா அவருக்கு வலப்பக்கமாகவே உட்கார ஆரம்பித்தாள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். நாங்களும் அப்படியே இருந்தோம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் அப்படித்தான் தூங்கினோம்.

அதற்குப் பிறகு ஒரு நாள், மருத்துவமனை நர்ஸ் ஒருத்தர் பழைய காரில் வந்தார். டியூட்டி முடிந்து வீடு போகிற வழியில் பாட்டுக் கேட்பதுதான் அவருக்கு நாளின் ஒரே ஓய்வாம். புது செட் ஒன்று வாங்கியிருந்தார். ஸ்பீக்கர் பழையதாகவே இருக்கட்டும் என்றார். அத்தான் மாட்டினார். பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்டார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் காரை விட்டு இறங்கிவிட்டார்.

"பேஸே வரலம்மா. ஸ்பீக்கர் போச்சு. மாத்தித்தான் ஆகணும்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. நர்ஸ் ஒரு நொடி யோசித்தார். "நீங்களே சொல்றீங்கன்னா சரிதான்ணே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கவருக்கு அளவெடுக்கிற சாக்கில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குரல் நடுவில் இல்லை. எங்கேயும் இல்லை, தலையைச் சுற்றிச் சிதறிக் கிடந்தது. கழுதைக்கே தெரிந்துவிட்டது. புது செட்டின் வயர் நிறம் ஒன்று, காரின் வயர் நிறம் வேறு. ஒரு பக்கத்தில் பிளஸும் மைனஸும் இடம் மாறினால், ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டின் பேஸும், அந்தக் கனத்த அடிச்சத்தம், ஒன்றையொன்று தின்றுவிடும். ஒற்றைக் காதுக்கு அந்த மெலிவு மட்டும் கேட்கும், குரல் சிதறியது கேட்காது. அவர் பொய் சொல்லவில்லை. காதை விட்டுவிட்டு ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர் அதற்குள் இடது கதவின் அட்டையைக் கழற்றிவிட்டார். நான் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவிக்கொண்டு போனேன். வயரில் பேட்டரியைத் தொட்டால், இணைப்புச் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே வரும், மாறியிருந்தால் உள்ளே போகும். வேறு கடைகளில் அப்படித்தான் பார்ப்பார்கள். "காது இல்லாதவன் வேலைடா அது" என்று அத்தான் சிரிப்பார்.

"அத்தான், ஸ்பீக்கரை எடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை வெச்சுப் பாருங்க."

என் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா சொன்னாளா?"

"ஆமா."

அவர் திட்டவில்லை. செட்டின் பின்னால் வயரைப் பிரித்து என் கையில் கொடுத்துவிட்டு, கதவருகே மண்டியிட்டுக் கூம்பின் மேல் விரலை வைத்தார். நான் பேட்டரியை வயரில் தொட்டேன். அவர் விரலுக்கடியில் கூம்பு உள்ளே போனது.

"இன்னொரு தடவை வைடா."

மறுபடியும் உள்ளேதான் போனது. பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நர்ஸிடம் போனார்.

"ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்லம்மா. நான்தான் வயரை மாத்திக் கொடுத்திருக்கேன். எனக்கு எடது காது கேக்காது."

என் காதுபட, தன் வாயால் அதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தையல் மெஷினுக்குப் பின்னால் குனிந்து நூல்கண்டைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

நர்ஸ் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"காட்டியாச்சு. இனிமே வராதாம்."

வயரை இடம் மாற்றி முறுக்கி, டேப் சுற்றி, கதவை மூடினார். பாட்டைப் போட்டுவிட்டுப் பழக்கத்தில் பின் கதவைத் திறந்தவர், ஒரு காலை உள்ளே வைத்த பிறகு நின்றுவிட்டார். காலை வெளியே எடுத்தார்.

"நீங்க உக்காருங்கம்மா."

நர்ஸ் உள்ளே போய் மத்தியில் உட்கார்ந்தார். அத்தான் வெளியே நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காதைத் திருப்பிக் குனிந்தார்.

"குரல் எங்கம்மா வருது?"

நர்ஸ் கையை மெதுவாகத் தூக்கி, டேஷ்போர்டுக்கு மேலே ஒரு இடத்தைக் காட்டினார். அத்தான் அவர் விரல் போன திசையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பாட்டு முடிகிறவரை அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.