விடைப்பாட்டில் விடுபட்ட பேர்

தகப்பன் ஓலெக்சாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், கோயில் பாடகர் லாபியாக் எல்லார் பேரையும் சொல்லிப் பாடினார். மகன் மிட்ரோவின் பேரை மட்டும் சொல்லவில்லை. பதினேழு வருஷமாக மிட்ரோவின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது இதுதான்.

புனித எலியாஸ் கோயிலில் வாத்தியம் எதுவும் கிடையாது. பாடகர் எடுத்துக் கொடுப்பார், சனம் முழுக்கச் சேர்ந்து பாடும். சாவு என்றால் கடைசியில் விடைப்பாட்டு. அதில் பாடகரின் வாயால் செத்தவரே பேசுவார். பெண்டாட்டி, பிள்ளை, அண்டை வீடு என்று ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லி விடைபெறுவார். யார் யார் பேர் வர வேண்டும் என்பதைச் சாகக் கிடக்கிறவர் பாடகரைக் கூப்பிட்டுச் சொல்லிவைப்பது வழக்கம். அதனால் ஒரு பேர் விடுபட்டால் பாடகர் மறந்துவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. செத்தவன் கைகழுவிவிட்டுப் போய்விட்டான் என்றுதான் அர்த்தம்.

கைகழுவ ஓலெக்சாவுக்குக் காரணமும் இருந்தது. எஃகு ஆலையில் சங்கம் வைக்கப் போய் அடிபட்டு முன்பல் போனவர் அவர். மகன் முதலாளி பக்கம் சேர்ந்து மேஸ்திரி வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனோடு பேசவில்லை. படுக்கையில் விழுந்ததும் லாபியாக்கை வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். அடுப்படியில் நின்ற மிட்ரோவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு தடவை இருமல் கேட்டது. ஒரு தடவை சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது.

அடக்கத்தன்று லாபியாக் விரலைச் சுண்டி அவனைக் கூப்பிட்டார். "இங்க வா, எம்பக்கத்துல நில்லு. அடிக்குரல் புடி." ஆறுதலுக்குக் கூப்பிடுகிறார் என்று நம்பிப் போய் நின்று கூடவே பாடினான். விடைப்பாட்டில் அம்மா பேர் வந்தது. தங்கைகள் பேர் வந்தது. மிட்ரோவின் பெண்டாட்டி பரஸ்கா பேர் வந்தது. கசாப்புக் கடைக்காரன் டுஃப்கோவின் பேர்கூட வந்தது. பிறகு பாட்டு முடிந்துவிட்டது.

சனம் முழுக்க அவன் முகத்தைத்தான் பார்த்தது. எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நிறுத்திவைத்து மூக்கறுத்திருக்கிறான் பாடகக் கிழவன் என்று மிட்ரோ முடிவுகட்டினான். அன்றைக்கு மூடிய வாயைக் கோயிலில் அவன் திறக்கவே இல்லை. ஊரே பாடுகிற இடத்தில் ஒருத்தன் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பது தூணில் பூட்டுத் தொங்குகிற மாதிரி. லாபியாக் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அதுவும் மிட்ரோவுக்குச் சந்தேகம்தான். குற்றம் இல்லாதவன் என்றால் கேட்டிருப்பானே?

லாபியாக் மலைக்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து இருபது வயதில் தம்பியோடு கப்பலேறி வந்தவர். ஆலையில் உருக்குக் கொப்பரைக்குச் செங்கல் அடுக்குகிற வேலை. இரைச்சலில் இடது காது போயிற்று. அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே வருஷம் முழுக்கப் பாடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிணப்பெட்டிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறையில் குடியிருந்தார். "கீழ வர்ற ஒருத்தரும் இவரு கைய விட்டுத் தப்ப முடியாது" என்று டுஃப்கோ கிண்டலடிப்பான். யாராவது படுக்கையில் விழுந்தால் சொந்தக்காரர்கள் விஸ்கி பாட்டிலோடு அந்த மாடிப்படி ஏறுவார்கள், தங்கள் பேர் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க. பாட்டிலை வாங்கிக்கொள்வார். பேரைச் சொல்ல மாட்டார். ஆனால் விஸ்கியை வாங்கிக்கொள்கிற மனுஷன் விஸ்கிக்குப் பேரை வெட்டவும் மாட்டானா? மிட்ரோ இப்படியும் யோசித்தான். அப்பன் படுத்த வாரம் தங்கை வீட்டுக்காரன் இரண்டு பாட்டில் வாங்கினானே, எதற்கு?

அறுபத்தெட்டாம் வருஷம், தவக்காலத்துக்கு முன்னால், லாபியாக்கே விழுந்தார். செங்கல் தூசி மார்பு முழுக்க அடைத்துவிட்டது என்றார்கள். சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பரஸ்கா, பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"உங்கள வரச் சொல்றாரு."

"எதுக்காம்?"

"நீங்க பாடணுமாம். அவரு சாவுக்கு."

"ஓ. ஊர்ல வேற தொண்டையே இல்லையா?"

"எங்கிட்ட ஏன் பாயறீங்க? அவரு வாயக் கேளுங்க. இத்தன வருஷமா என் தலையத்தான உருட்டிட்டிருக்கீங்க."

போனான். அறையில் முட்டைக்கோஸ் வாடை. தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் லாபியாக்.

"வா மேஸ்திரி. வலது பக்கமா உக்காரு, இடது காது செவுடு."

மிட்ரோ உட்காரவில்லை. "பாடச் சொன்னீங்களாமே. உங்க பாட்டுல எம் பேரே கெடையாது, என் தொண்ட மட்டும் வேணுமோ?"

கிழவர் அவனை உற்றுப் பார்த்தார். "எந்தப் பாட்டுல?"

"நடிக்காதீங்க பெரியவரே. எங்கப்பன் சாவுல. டுஃப்கோ பேரு வந்துச்சு. எம் பேரு வல்ல. எங்கப்பன் சொன்னானா, நீங்களா வெட்டுனீங்களா?"

லாபியாக் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. "அட மடையா! நீ எம்பக்கத்துல நின்னு பாடுனியேடா. பாடுறவன் பேரச் சொல்ற வழக்கம் ஏது? செத்தவன் நம்ம வாயக் கடன் வாங்கிப் பேசுறான். வாங்குன வாய்க்கே எப்படி விடை சொல்லுவான்?"

"அப்படி ஒரு வழக்கத்த நான் கேள்விப்பட்டதே இல்ல."

"எங்கூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"எங்கப்பன் ஊர்ல பாடுறவன் தன் பேரையும் சேத்துத்தான் பாடுவானாம்."

லாபியாக்கின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "இருக்கும்" என்றார் மெதுவாக. "கோயில்ல எத்தன ஊருச் சனம். மெட்டுல வித்தியாசம் இருக்கும்னு தெரியும். இதுல இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லடா. ஒங்கப்பன் உம் பேரத்தான் மொதல்ல சொன்னான். நாந்தான் வேணாம்னேன், அவன எம்பக்கத்துல நிக்கவெக்கப் போறேன்னேன். 'நிக்க வை, மேஸ்திரி கொரலாவது நமக்கு ஆகட்டும்'னு சிரிச்சான்."

அந்தச் சிரிப்பை மிட்ரோ அடுப்படியிலிருந்து கேட்டிருந்தான். ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. சாகும்போது பாட ஆள் வேண்டும், அதற்கு இப்போது இனிக்க இனிக்க ஒரு கதை. இவர் கதை கட்டினால் பொய் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

"உங்கூர்க்காரங்க யாராவது உசுரோட இருக்காங்களா?"

"செமான் இருக்கான்" என்றார் லாபியாக்.

செமான் அவருடைய தம்பி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அதுவரை பெண்டாட்டி பிள்ளையோடு இருந்த கோயில் சாமியார்கள் இனிமேல் கல்யாணம் கட்டக்கூடாது என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தபோது ஊர் இரண்டாகப் பிளந்தது. பாதிச் சனம் வெளியேறி மேட்டில் வேறு கோயில் கட்டிக்கொண்டது. செமான் அவர்களோடு போனார், லாபியாக் போகவில்லை. அதிலிருந்து அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தால் தெரு மாறி நடப்பார்கள். பேசி முப்பது வருஷத்துக்கு மேலான இவர்கள் சேர்ந்து பொய் சொல்ல வழியில்லை. மிட்ரோ நேரே அங்கே போனான்.

செமான் சங்கிலியை எடுக்காமல் கதவை நாலு விரல் அகலம் திறந்தார்.

"என்ன?"

"ஒரு வழக்கம் கேக்கணும். உங்கூர் விடைப்பாட்டுல பாடுறவன் பேரு வருமா?"

"ஒன்ன யாரு அனுப்புனா? அவனா?"

"யாரும் அனுப்பல."

"நீ அவன் கோயில் ஆளு, எங்கிட்ட என்ன வழக்கம் கேக்குற? எந்தக் கேசுக்குடா சாட்சி சேக்குற?"

"கேசு எதுவுமில்ல பெரியவரே. எனக்குத்தான் தெரியணும்."

செமான் அவனைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை அளந்தார். "எங்கம்மா செத்தப்ப, கப்பலேறுறதுக்கு முந்தி, அவந்தான் பாடுனான். எம் பேரு வந்துச்சு, அக்கா பேரு வந்துச்சு, ஆடு மேய்ச்சவன் பேரு வந்துச்சு. அவன் பேரு வரல. பாடுறவன் பேரு வராது. பாடி முடிச்சிட்டு வெளிய போயி வெறகுக் குவியல்ல உக்காந்து அழுதான்." சங்கிலியை விரலால் நெருடினார். "ஏன் கேக்குற? போயிட்டானா?"

"இன்னும் இல்ல."

"அந்தக் கோயிலுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன். சத்தியம் பண்ணிட்டேன். வேணும்னா ரோட்டுல நிப்பேன். ரோடு யாரு அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல." கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வருகிற வழி முழுக்க மிட்ரோ ஒரு ஓட்டையைத் தேடினான். எங்கேயாவது பொய் இருக்க வேண்டும், இத்தனை வருஷத்து எரிச்சலை வைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும். கிடைக்கவில்லை. மாடிப்படியேறி, இந்தத் தடவை வலது பக்கமாக உட்கார்ந்தான்.

"பாடுறேன்" என்றான். "யார் யாரு பேரு, சொல்லுங்க."

லாபியாக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சாமியார், டுஃப்கோ, சூப் கொண்டுவந்த பெண்கள். கடைசியில் நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"செமானப் பாத்தியா?"

"பாத்தேன். உள்ள வர மாட்டாராம். ரோட்டுல நிப்பாராம்."

கிழவரின் கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டார் என்று மிட்ரோ எழுந்தபோது அவன் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அவன் பேரக் கடைசியா வை. நல்லா அடிவயித்துலேர்ந்து பாடு. கோயில் கதவு ரெண்டையும் தொறந்து போடச் சொல்லு. குளுருது, கணப்பு எண்ணெ வீணாகுதுன்னு கோயிலப் பாத்துக்கிற கோயில்பிள்ள குதிப்பான். அவன் பேச்சக் கேக்காத. செமான் பேரு தெருவுக்குப் போயிச் சேர்ற வரைக்கும் கதவச் சாத்த விடாதே."