மூன்றிலேயே நின்ற எண்

தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில், எம்.சி.ஏ. படித்த பெண்ணுக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று காட்பாடியில் அக்சா போகும் சபையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "லேப்லயா இருக்கே?" என்று கேட்பார்கள். "இல்ல ஆன்ட்டி, கம்ப்யூட்டர்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தவள் அவள். டைட்டஸைக் கல்யாணம் செய்துகொண்டு வேலூருக்கே திரும்பினாள். டைட்டஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மேல்விஷாரம் பக்கத்தில் இருந்த அந்த நிலையத்தில் டேட்டா என்ட்ரிக்கு ஆள் கேட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பதற்குப் போகலாமே என்று போனாள். போன இடத்தில், மீட்டர்கள் காட்டுவதைக் கையால் எழுதி, அதைப் பார்த்து மறுபடி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஃபிரேம்ஒர்க் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை வைத்து, மீட்டர்களிலிருந்து நேராகத் தகவல் எடுத்துக் காட்டும் வலைச் செயலி ஒன்றைத் தானே எழுதினாள். அதன் பிறகு அந்த நிலையத்தில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டர் மேடம்.

அந்தச் செயலியில் முக்கியமான பக்கம் வாயு அளவு காட்டும் பக்கம்தான். தோலிலிருந்து முடி நீக்க சல்ஃபைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகின முட்டை வாடை வரும். கொஞ்சமாக இருந்தால் கண் எரியும், தலை வலிக்கும். அதிகமானால் ஆளைக் கொன்றுவிடும். எல்லா ஷாப்புத் தண்ணீரும் முதலில் வந்து விழும் குழியை அங்கே சம்ப் என்பார்கள். அதற்குள் ஒரு சென்சார் இருந்தது. அது சொல்லும் எண் கன்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். பத்துக்குக் கீழே இருந்தால்தான் யாரும் சம்ப் மூடியைத் திறக்கலாம். உள்ளே இறங்க அனுமதிச் சீட்டான பெர்மிட்டையும் அதே பக்கத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

கன்ட்ரோல் ரூமில் பெருமாள் இருந்தார். ஒடுகத்தூர்க்காரர், நிதானமானவர். அவருக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு குறை.

"மேடம், நான் பெர்மிட் டைப் பண்ணிட்டு இருக்கும்போதே பேஜு வெள்ளையாப் போய்டுது. அடிச்சதெல்லாம் அழிஞ்சிடுது. ஒரே பேஜாரா இருக்கு."

அவர் சொன்னது நியாயம்தான். புது எண் காட்டுவதற்காக, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முழுப் பக்கமும் தானாகத் திரும்ப வரும்படி அக்சா வைத்திருந்தாள். அங்கே நெட்டும் மெதுவு. அதனால் அவள் அதை மாற்றினாள். பக்கம் அப்படியே நிற்கும். பின்னணியில் ஒரு சின்னக் கேள்வி மட்டும் சர்வருக்குப் போகும். பதிலாக வரும் எண், பழைய எண் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். திரை கண்ணடிக்காது, டைப் செய்ததும் அழியாது. பெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் சோதித்துப் பார்த்தாள். எண்கள் ஓசையில்லாமல் மாறிக்கொண்டே இருந்தன.

"சூப்பர் மேடம்" என்றார் பெருமாள்.

அது நடந்து சில வாரங்கள் கழித்து, மழை விட்டு வெயிலடித்த ஒரு மத்தியானம், சம்ப்பில் இருந்த பம்ப் அடைத்துக்கொண்டது. ஷாப்புகளிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் ரஷீத் அஹமது கன்ட்ரோல் ரூமுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார். சீக்கிரம் அடைப்பை எடுக்காவிட்டால் தண்ணீர் பொங்கி ரோட்டுக்கு வந்துவிடும் என்பது அவர் பயம்.

கையில் எடுத்துப் போகும் வாயு மீட்டரைச் சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். சம்ப் பக்கத்தில் இருந்த அபாய ஹாரன் மழையில் கெட்டுப்போய், புதுசுக்குச் சொல்லியிருந்தது இன்னும் வரவில்லை. மிச்சம் இருந்தது திரை ஒன்றுதான். திரையில் மூன்று என்று இருந்தது. அவசரத்தில் பெருமாள் பெர்மிட்டைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஃபிட்டர் ஆபேல் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, அதில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரேம்நாத் நின்றான்.

அதே சமயம் மாடியில் அக்சா வேறொரு பம்ப்புக்குப் பொத்தான் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது சரியான இடத்தில் வருகிறதா என்று பார்க்கத் தன் லேப்டாப்பில் லாகின் செய்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பொத்தானைப் பார்க்கும் முன்னால் எண் கண்ணில் பட்டது. நாற்பத்தொன்று.

கன்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தாள்.

"பெருமாள் அண்ணா, சம்ப்ல இன்னா ரீடிங்?"

"மூணு மேடம்."

"மூணா?"

"மூணுதான். ரொம்ப நேரமா மூணுலயே நிக்குது. ஆபேல் எறங்கிட்டான்."

அவள் திரையில் ஐம்பத்திரண்டு.

ஒரு நொடி அவள் தன் திரையைத்தான் சந்தேகப்பட்டாள். இப்போதுதானே கை வைத்தோம், நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு வாய் தானாகக் கேட்டது.

"அண்ணா, நீங்க காலைல லாகின் பண்ணவரா? இன்னும் வீட்டுக்குப் போவலயா?"

"ரிலீவர் வரல மேடம். ரெண்டாவது ஷிஃப்ட்டும் நான்தான்."

"அண்ணா, எஃப் ஃபைவ் அடிங்க. அந்த பேஜ ரிஃப்ரெஷ் பண்ணுங்க."

விசை தட்டும் சத்தம் போனில் கேட்டது.

"பாஸ்வேர்டு கேக்குது மேடம்."

"ஆள மேல இழுங்க! அது பொய்யி! ஆபேல மேல இழுங்கண்ணா!"

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. அக்சா செருப்பில்லாமல் ஓடினாள். படியில் இறங்கும்போதே எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒருவர் செய்த லாகின் ஒரு ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் செல்லும் என்று, ஆடிட்டர் கேட்டபடி அவள்தான் வைத்திருந்தாள். முன்பெல்லாம் அந்த நேரம் முடிந்தால் முழுப் பக்கமும் போய் லாகின் பக்கம் வந்து நிற்கும். பெருமாள் பாஸ்வேர்டு அடிப்பார், வேலை நடக்கும். இப்போது பின்னணியில் போன கேள்விக்கும் ஃபிரேம்ஒர்க் அதே லாகின் பக்கத்தைத்தான் பதிலாக அனுப்பியிருக்கிறது. அதில் எண் இல்லை. எண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவள் எழுதவில்லை. அதனால் திரை ஒன்றும் செய்யவில்லை. பழைய மூன்றையே பிடித்துக்கொண்டு நின்றது. தினமும் ஷிஃப்ட் மாறும்போது புதிய ஆள் வந்து புதிதாக லாகின் செய்ததால், இத்தனை நாளும் அது வெளியே தெரியவில்லை.

அவள் சம்ப்பை நெருங்கும்போது பெருமாள் அங்கே இருந்தார்.

"டேய் ஆபேல், மேல வாடா!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருண்ணா, முடிஞ்சிடும். வாடைகூட நின்னுப் போச்சு. இப்பதான் நல்லாருக்கு."

பெருமாளின் முகம் மாறியது. அந்த வாயு அதிகமானால் மூக்கு செத்துவிடும், வாடை தெரியாது. அங்கே வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"இழு!" என்றார்.

பிரேம்நாத் இழுத்தான். கயிறு கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது. ஆபேலின் பட்டை பம்ப் குழாயின் கிளாம்ப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. "ஆபேலு, கழட்டுடா!" என்று கத்தினார்கள். பதில் இல்லை. அக்சா எட்டிப் பார்த்தாள். அவன் தலை மார்பில் தொங்கியது. ஒரு கை மட்டும் ஏணியைப் பிடித்திருந்தது, பிறகு அதுவும் விட்டது.

பிரேம்நாத் கயிற்றைப் பெருமாளிடம் கொடுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். பெருமாள் ஒரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினார்.

"நீயும் எறங்கினா ரெண்டு பொணம்டா. கயித்தப் புடி."

"அண்ணா, செத்துடுவான்ணா!"

"கயித்தப் புடிடா! மேடம், நீங்களும் புடிங்க. மூச்ச அடக்கிக்கிட்டு இந்தப் பக்கம் நில்லுங்க."

மூன்று பேரும் பிடித்தார்கள். பெருமாள் கயிற்றைக் கொஞ்சம் தளரவிட்டார். கீழே உடம்பு சரிந்து இறங்கியது. அக்சாவுக்குத் தன் கையாலேயே அவனைக் குழியில் இறக்குவது போல் இருந்தது. பெருமாள் கயிற்றைப் பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்டினார். வரவில்லை. இன்னொரு முறை சுண்டினார். பட்டை கிளாம்ப்பிலிருந்து நழுவியது.

"இப்ப!"

ஆபேல் கனத்தான். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தார்கள். தலை குழி வாய்க்கு மேலே வந்ததும் தோளைப் பிடித்துத் தூக்கி, காற்று அடிக்கும் பக்கமாகத் தூரமாய் இழுத்துப் போய்ப் படுக்க வைத்தார்கள். உதடு நிறம் மாறியிருந்தது. யாரோ ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மூக்கில் முகமூடியை வைத்துக் காத்திருந்த அந்த நேரத்தில் அக்சா ஜெபிக்கக்கூட இல்லை. அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு இருமினான்.

வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆபேலின் மனைவி கிரேஸி உட்கார்ந்திருந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவள், கம்பெனிச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்லை, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று சில நாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் அவள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"நீங்கதானே கம்ப்யூட்டர் மேடம்? உங்க கம்ப்யூட்டர்தான் காட்டிக் குடுத்துச்சாமே. பெருமாள் அண்ணன் சொன்னாரு." அக்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கர்த்தர்தான் உங்கள அங்க வச்சாரு சிஸ்டர்."

அக்சாவின் உள்ளங்கை கயிறு உரசி எரிந்துகொண்டிருந்தது. கையை எடுக்கவும் முடியவில்லை. சும்மா தலையாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"இல்ல அக்கா," என்றாள். "எறங்கலாம்னு தப்பா காட்டுனதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். அத மாத்தி எழுதுனது நான்தான்."

கிரேஸிக்கு முதலில் புரியவில்லை. அக்சா மறுபடியும் சொன்னாள், மெதுவாக. கிரேஸி அவள் கையை விட்டாள். எழுந்து போய் வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை ரஷீத் அஹமதுவின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். அவர் இரவு தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"ரிப்போர்ட்ல சென்சார் ஃபால்ட்டுனு எழுதிடலாம்" என்றார். "சென்சார் குடுத்த கம்பெனி பாத்துக்கட்டும்."

"சென்சார் சரியாத்தான் சொல்லிச்சு சார்" என்றாள் அக்சா. "என் பேஜுதான் அதக் கேக்கல. அப்படியே எழுதுங்க. ஹாரன் இல்லாததையும், மீட்டர் இல்லாம ஆள எறக்குனதையும் சேத்தே எழுதுங்க."

ரஷீத் அஹமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு அந்தப் புது பேஜே வேணாம். பழைய பேஜையே போடுங்க."

பெருமாளும் அதையே சொன்னார். "கண்ணடிச்சாலும் பரவால்ல மேடம். அழிஞ்சா திருப்பி அடிச்சுக்கிறேன்."

அவர் சொன்னதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "போடறேன்ணா" என்றாள். அன்றே பழைய பக்கத்தைப் போட்டாள். ஆனால் புதியதை அழிக்கவில்லை. லாகின் இல்லாமல் பின்னணியில் கேள்வி வந்தால், லாகின் பக்கத்தை அனுப்பாமல் வெறும் மறுப்பை மட்டும் அனுப்பும்படி சர்வரில் மாற்றினாள். பதில் மறுப்பாக இருந்தாலும், பதிலே வராவிட்டாலும், வந்த எண் பழையதாக இருந்தாலும், திரையில் எண் நிற்கக் கூடாது. முழுத் திரையும் கறுப்பாகி, 'அளவு தெரியவில்லை, திறக்காதே' என்று மட்டும் வர வேண்டும். எழுதி முடித்துப் பெருமாளைக் கூப்பிட்டாள். இந்த முறை எண் ஒழுங்காக மாறுகிறதா என்று காட்டவில்லை. எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று காட்டினாள். நெட் கேபிளைப் பிடுங்கினாள், கறுப்பு. லாகினை முடித்துவிட்டாள், கறுப்பு. சர்வரை நிறுத்தினாள், கறுப்பு. சென்சார் வயரைக் கழற்றச் சொன்னாள். அதற்கும் கறுப்பு.

பெருமாள் தானே எழுந்து போய்க் கேபிளை ஒருமுறை பிடுங்கிப் பார்த்தார். ஒரு மாதம் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒருநாள் பழையதை அவரே அணைத்துவிட்டார்.

ஆபேல் பிழைத்து வந்தான். மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. இப்போது ஸ்டோரில் இருக்கிறான். புது ஹாரனும் வந்தது, கை மீட்டர் இரண்டாக வந்தது, பம்ப்பை ஆள் இறங்காமல் சங்கிலி போட்டு மேலே தூக்கவும் ஏற்பாடு செய்தார்கள். கிரேஸியை அக்சா அதன் பிறகு இரண்டு முறை பஸ்ஸில் பார்த்தாள். முதல் முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த முறை கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த அக்சாவின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் ஊர் முழுக்க நெட் போனது. அந்த நேரம் பார்த்துச் சம்ப் பம்ப்பும் அடைத்துக்கொண்டது. ஷாப்புகளில் தண்ணீர் நிறைந்து நின்றது, ரஷீத் அஹமது வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். மாடியில் போன் அடித்தது.

"மேடம், கறுப்பாய்டுச்சு" என்றார் பெருமாள். "சார் அவசரப்படுறாரு. கை மீட்டரு எடுத்துட்டு ஆள் வர்ற வரைக்கும் மூடியத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"சரிண்ணா. நானும் கீழ வர்றேன்" என்றாள் அக்சா.