மேடையில் என் மாமியார், எதிர்வரிசையில் என் அப்பா

கண் அறுவை சிகிச்சைக்காக என் மாமியார் சென்னைக்கு அருகே நசரத்பேட்டையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். அவருடையது தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். வாசலில் நின்றால் அணுமின் நிலையம் தெரியும். உலை வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் அவரும் உட்கார்ந்தார். கல்லூரி விடுமுறைக்குப் போனால் அம்மாவைப் பந்தலில்தான் பார்க்க முடியும் என்று என் மனைவி சொல்வாள்.

என் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கி செய்து ஓய்வு பெற்றவர். "நாட்டுக்குக் கரண்ட் வேணுமா, வேணாமா?" என்பதுதான் உலை பற்றி அவர் கேட்கும் ஒரே கேள்வி. சம்பந்திகள் இருவரும் சந்தித்தால் மீனைப் பற்றியே பேசிக்கொள்வார்கள். அதில் எங்களுக்கெல்லாம் நிம்மதி.

அறுவைக்குப் பிந்தைய கண் பரிசோதனை முடிந்து திரும்பும்போது, "மருமவனே, வண்டிய நிறுத்துங்க" என்றார் மாமியார். சுவரொட்டி ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தார். அணுமின்சாரம் தேவையா என்று ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொது விவாதம், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம். "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

மண்டபத்தில் யாரும் சொல்லாமலே ஆதரவாளர்கள் இடப்பக்கமும் எதிர்ப்பாளர்கள் வலப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் முன்வரிசையில் என் அப்பா, தன் பழைய சகாக்களோடு. மாமியார் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வலப்பக்கம் போனார். நான் வாசலருகே நின்றேன்.

மண்டபத்துக் காவலாளி வந்து, "இன்னா சார், ரெண்டு பக்கமும் மொறச்சிகினு கீறாங்க? நீ பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?" என்றார். சிரித்து மழுப்பினேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை.

ஒரு பொறியாளர் நிலக்கரிப் புகையைப் பற்றிப் பேசினார். சரியென்று பட்டது. அடுத்து ஒரு மருத்துவர், உலைக் கழிவை நம் பேரப்பிள்ளைகளும் காவல் காக்க வேண்டியிருக்கும் என்றார். அதுவும் சரியென்றே பட்டது. பிறகு மாமியார் மேடையேறினார்.

"ஆபத்து வந்தா ஓடணும்னு ஒத்திகை வச்சாங்க. எந்தப் பக்கம் ஓடன்னு கேட்டோம். ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உலை. இன்னும் பதில் வரல."

கைதட்டல் அடங்குவதற்குள் இடப்பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். "உங்க வீட்டுல யாராவது அங்க வேலை பாக்குறாங்களாம்மா?"

"என் மவன் பாக்கான். காண்ட்ராக்டுல."

இடப்பக்கம் சிரித்தது. வலப்பக்கத்திலும் ஒருவர், "அப்புறம் எதுக்கும்மா மேடை ஏறுனீங்க?" என்று சத்தம் போட்டார். மாமியார் மைக்கைப் பிடித்தபடி விழித்தார். நான் வாசலை விட்டு முன்னே போகலாமா என்று யோசித்தேன். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"அவங்க எங்க சம்பந்தி. அவங்க சொல்றத நான் ஒத்துக்கல. ஆனா பையன் வேலையச் சொல்லி அவங்க வாய அடைக்காதீங்க. நான் காலம் பூரா டாங்கி செஞ்சேன். சண்டை வரணும்னா ஆசைப்பட்டேன்?"

அப்பாவின் சகாக்களில் ஒருவர் அவருடைய சட்டையை இழுத்து உட்கார வைத்தார்.

மண்டபத்தில் யாரோ எடுத்த காணொளி மறுநாள் மாமியாரின் ஊர்வரை போய்விட்டது. மைத்துனன் கூப்பிட்டான். "அத்தான், அம்மாவ எதுக்கு அங்க கூட்டிட்டுப் போனீங்க? சூப்பர்வைசர் பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு. அதான் பயமா இருக்கு." பிறகு, "கண்ணு தெளிவாத் தெரியுதாமா?" என்றான்.

மாமியார் போனை வாங்கி, "நீ எதுக்கும் வேலைய விட்டுராத மக்கா" என்றார்.

அவர் போனை வைத்ததும் கேட்டேன். "அத்தை, உலைய மூடணுமா, வேண்டாமா?"

"மூடணும்."

"அப்போ அவன் வேலை?"

"அதுவும் வேணும். ஒண்ணு சொல்லு ஒண்ணு சொல்லுன்னா எப்படி மருமவனே?" கோபமாகவே சொன்னார். மனைவியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விடத் தொடங்கினாள்.

ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில் மாமியார் கூப்பிட்டார். மைத்துனனின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாராம். புது உலைகளுக்கு எதிராக மறுபடி பந்தல் போடுகிறார்களாம். நாளை முதல் இவரும் உட்காரப் போகிறாராம். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார்.

"சந்தோஷம் அத்தை" என்றேன். இரண்டில் எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.