மாமா திருத்திய தாடைகள்

என் அக்கா புருஷன் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் வீட்டில் தங்கி, கடையில் கூடமாட நிற்பவன் நான். அவர் எடுத்த படத்தைப் பார்த்து இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. பருவைத் துடைப்பார், வழுக்கையின் பளபளப்பைத் தணிப்பார், தூங்கி வழிகிற கண்ணுக்குக் கொஞ்சம் உயிர் கொடுப்பார். ஆனால் அவர் கை தானாகப் போகிற இடம் தாடை. யாருக்காவது கீழ்த்தாடை துருத்தியிருந்தால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மவுஸால் மெல்லத் தள்ளி உள்ளே வைத்துவிடுவார். ஒரு லாரி டிரைவர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போய், “இது நீங்க இல்லையே” என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவர் நேராகக் கடைக்கு வந்ததும், சண்டைக்கு வருகிறார் என்று நான் ஸ்டூலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மனுஷன் சாந்தமாக, “இதையே பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க, வீட்ல மாட்டிக்கறேன்” என்றார்.

மாமாவுக்கே அந்தத் தாடைதான். வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவருக்குக் ‘கரண்டி’ என்று பெயர். கூடப் படித்த பிளம்பர் ஒருநாள் கடை வாசலில் நின்று, “டேய் கரண்டி, உள்ள இருக்கியா?” என்று கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா உதடு பிரியாமல் சிரித்தார். நான் விடுவேனா? அக்கா புருஷனைக் கேலி செய்ய எனக்கில்லாத உரிமையா? “மாமா, எதிர்க்கடையில குழம்பு ஊத்தக் கரண்டி பத்தலையாம், உங்களக் கூப்பிடறாங்க” என்று ஒரு வாரம் ஓட்டினேன். “போடா வெட்டிப் பயலே” என்பார். எட்டாவது நாள்தான் அவர் மதியச் சாப்பாட்டை என் எதிரில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று கவனித்தேன்.

அவரால் எதையும் முன்பல்லால் கடிக்க முடியாது. ரொட்டியைக் கையால் பிய்த்துக் கடைவாயில் ஒதுக்கி மெல்லுவார். ஆப்பிளைச் சீவிச் சீவித் தின்பார். கல்யாண வீடுகளில் எல்லோரும் எழுந்த பிறகு, லைட் ஸ்டாண்டுகளை மடக்குகிற சாக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டில் அடர்ந்த தாடி, வெளியே போனால் அதன் மேல் முகக்கவசம். கேட்டால் தூசு ஒத்துக்கொள்ளாது என்பார்.

அவர் மகளுக்கு எட்டு வயது. நாங்கள் பாப்பா என்போம். பள்ளியில் பல் பரிசோதனை செய்தவர்கள், கீழ்ப்பற்கள் முன்னால் இருக்கின்றன, பல் சீரமைப்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். அதை மாமா படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். அக்கா அவர் பையிலிருந்து எடுத்து, நேரம் வாங்கிவிட்டாள்.

எல்லோரும் போனோம். காத்திருக்கும் இடத்துக் கண்ணாடி அலமாரியில், நோயாளிகளின் பல்லை அச்செடுத்து வார்த்த மாவுத் தாடைகள் வரிசையாக இருந்தன. “என்னங்க, சாப்பாடு ஆச்சா?” “எங்கங்க, எனக்குத்தான் வயிறே இல்லையே” என்று இரண்டு தாடைகளைப் பேசவிட்டு நான் பாப்பாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் அந்தத் தாடைகளைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா பாப்பாவைக் கடிக்கச் சொன்னார், விழுங்கச் சொன்னார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ரெண்டு விதமா வரும்மா. சில பிள்ளைங்களுக்குப் பல்லு மட்டும் மாறி உக்காந்திருக்கும். சின்ன பிளேட் போட்டாப் போதும், சரியாயிடும். சிலருக்கு எலும்பே அப்படி வளரும். மேல்தாடை பின்தங்கிடும், இல்ல கீழ்த்தாடை முந்திடும். இந்தப் படத்துல ரெண்டுங்கெட்டானா இருக்கு. வீட்ல யாருக்காவது இப்படி இருக்கா? அப்பா, அம்மா, அத்தை, யாருக்காவது?”

“யாருக்கும் இல்ல டாக்டர்” என்றார் மாமா, முகக்கவசத்துக்குள்ளிருந்து.

அக்கா சட்டென்று குனிந்து பாப்பாவின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். வார் ஒழுங்காகத்தான் இருந்தது. வாயை மூடச் சொன்னால் மூக்கால் பேசுகிறவன் நான். அன்று சுவரில் ஒட்டியிருந்த பல் விளக்கும் படத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ பாப்பாவோட பழைய ஃபோட்டோ இருந்தா கொண்டு வாங்க. எப்போலேர்ந்து இப்படின்னு தெரியணும்.”

ஸ்டுடியோக்காரர் வீட்டில் ஃபோட்டோவுக்கா பஞ்சம்? அடுத்த வாரம் நான்கு ஆல்பம் சுமந்துகொண்டு போனோம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்று வயசுப் பிறந்தநாள், ஐந்து வயசு நடனம், போன வருஷத்துப் பரிசளிப்பு. எல்லாவற்றிலும் பாப்பாவின் தாடை வெண்ணெயில் வார்த்தது போல இருந்தது.

“ஆச்சரியமா இருக்கே. போன வருஷம் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. வீட்லயும் யாருக்கும் இல்லங்கறீங்க. அப்போ எலும்பு இல்ல, பல்லுதான்னு வெச்சுக்கலாம். பிளேட் போட்டு ஆறு மாசம் பாப்போம்.”

“எலும்பா இருந்தா?” என்று அக்கா கேட்டாள்.

“இருந்தா இப்பவே முகத்துக்கு ஒரு கம்பி ஃபிரேம் மாட்டி, மேல்தாடைய முன்னால இழுக்கணும். இந்த வயசுல எலும்பு சொன்ன பேச்சு கேக்கும். பத்து வயசு தாண்டினா அடம் பிடிக்கும். அப்புறம் வளர்ச்சி முடியற வரைக்கும் காத்திருந்து, ஆபரேஷன்தான்.”

மாமா ஆல்பங்களை அடுக்கினார். பெரியது கீழே, சிறியது மேலே. அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், நான் கடைக் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். மாமா எந்த அசல் படத்தையும் அழிக்க மாட்டார், பிரதியில்தான் திருத்துவார். பாப்பாவின் அசல்கள் தனியாக ஒரு ஃபோல்டரில் இருந்தன. மூன்று வயசிலேயே அந்தத் தாடை இருந்தது. ஐந்திலும், ஏழிலும். ஐந்து வருஷமாக அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உட்கார்ந்து, தெரியாதபடி செய்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நேரில் கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் நேராகச் செய்யத் தெரியாதே. வாடிக்கையாளருக்கு ஆல்பம் காட்டுகிற பெரிய திரையில் அந்த அசல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். மாமா உள்ளே வந்ததும் பார்ப்பார், சுருக்கென்று உறைக்கும், அவ்வளவுதான் என் திட்டம்.

மாமாவுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா திரையைப் பார்த்து, “யாருங்க இந்தப் பொண்ணு? கோவிச்சுக்கிட்டே பொறந்திருக்கு போல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்கு வந்தவர் சிரித்தால் கூடச் சிரிப்பது எனக்குப் பழகிப்போனது. திரும்பினால், புத்தகப்பையோடு பாப்பா நிற்கிறாள்.

என் கையில் மவுஸ் இருந்தது. அணைப்பதற்கு ஒரு விரல் போதும். அந்த விரல் அசையவில்லை.

டீ கிளாஸோடு மாமா உள்ளே வந்தார். பாப்பா சுவரில் மாட்டியிருந்த தன் பிறந்தநாள் படத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

“அப்பா, இதுல எது நான்?”

மாமா திரையைக் காட்டினார்.

“அப்போ செவுத்துல இருக்கறது?”

“அது அப்பா பண்ணதுடா கண்ணு.”

“எதுக்கு? என்னக் கேக்கவே இல்லயே.”

கல்யாணக் கூட்டம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. “நாளைக்கு வாங்க, மன்னிச்சுக்கங்க” என்று மாமா அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். ஓர் அறையாவது விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை. அவர் என் முகத்தைப் பார்க்காமல், “வண்டியெடு மாப்ள. டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாங்க” என்றார்.

வண்டியில் நடுவில் பாப்பா. வழியெல்லாம் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு ஜோக்கும் ஞாபகம் வரவில்லை.

டாக்டரம்மா முன்னால் மாமா உட்காரவில்லை.

“டாக்டர், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்” என்றார். முகக்கவசத்தைக் கழற்றினார். தாடியை இரண்டு கையாலும் கழுத்தோடு அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்து, உதட்டை விலக்கிக் காட்டினார். அக்காவைத் தவிர யாருக்கும் அவர் அப்படிக் காட்டி நான் அறிந்ததில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. “அந்த ஃபோட்டோவும் நான் திருத்தினது. இவளுக்கு மூணு வயசுலேர்ந்தே இருக்கு.”

டாக்டரம்மா திட்டவில்லை. பக்கத்தில் வந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தார். “சின்ன வயசுல யார்கிட்டயும் காட்டலியா?”

“காட்டணும்னு எங்கப்பாகிட்ட சொன்னேன். ஆம்பளப் பிள்ளைக்கு மொகத்துல என்னடா இருக்குன்னாரு.”

“உங்களுக்கு இனிமே கிளிப் போட்டு, ஆபரேஷனும் பண்ணணும். வேணும்னா யோசிங்க, அவசரம் இல்ல. இவளுக்குத்தான் அவசரம். அடுத்த வாரமே ஃபிரேம் போட்டுடலாம். தினம் பன்னெண்டு மணி நேரம் மாட்டணும், பாப்பா. நெத்தியிலயும் முகவாயிலயும் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். வளர்ந்து முடியற வரைக்கும் அப்பப்போ வந்து காட்டணும், சரியா?”

“ஸ்கூலுக்குமா?” என்றாள் பாப்பா.

“இல்ல. வீட்லயும், தூங்கறப்பவும்.”

பாப்பா என்னைப் பார்த்தாள். வீட்டில்தானே நான் இருக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன்.

கோப்பில் வைக்க அப்பாவின் தாடைப் படமும் வேண்டும் என்றார் டாக்டரம்மா. உதவியாளப் பெண் கேமராவை எடுத்து, ஜன்னலுக்கு முன்னால் மாமாவைப் பக்கவாட்டில் நிறுத்தி அமுக்கினாள். மாமா கண்ணை மூடிவிட்டார். இரண்டாவது முறையும் மூடிவிட்டார். “சார், கண்ணத் தொறங்க சார்” என்றாள் அவள். மூன்றாவது படத்தைத் திருப்பி அவரிடமே காட்டினாள். மாமா அதை வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“ஜன்னல் பின்னால இருந்தா மொகம் இருட்டாயிடும்மா, ஒண்ணும் தெரியாது” என்றார் மெல்ல. “என்னைய இப்படித் திருப்பு. வெளிச்சம் இந்தப் பக்கத்துலேர்ந்து விழணும்.” தாடியை மறுபடி கழுத்தோடு அழுத்திக்கொண்டார். “இப்ப எடு. தாடை நல்லா வரணும்.”