உப்புத் தண்ணீரில் மூன்று நாள்

செல்லமுத்துவின் கையைப் பற்றி வடக்கனந்தலில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். தன் அம்மாவைக் கெட்ட வார்த்தை சொன்ன கரும்பு லாரி டிரைவரைக் கேபினிலிருந்து இழுத்துப் போட்டுத் தாடையைப் பெயர்த்தது ஒன்று. மச்சான் கல்யாணப் பந்தியில் இலையைத் தாண்டி நடந்தவனைச் சாம்பார் வாளியாலேயே சாத்தியது இன்னொன்று. தேர்த் திருவிழாவில் மூன்று பேரைத் தனியாக நின்று அடித்துவிட்டு, விலக்க வந்த போலீஸ்காரரையும் கீழே தள்ளிப் பதினெட்டு நாள் உள்ளே இருந்தது எல்லோரும் சொல்வது. வாயைத் திறப்பதற்குள் அவனுக்குக் கை போய்விடும். கை பேசப் பேச, அவன் வாய்க்கு ஊரில் மதிப்பில்லாமல் போய்விட்டது. நாற்பத்தோரு வயதில் அவன் எதைச் சொன்னாலும், சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள்.

அந்தக் கைதான் ஆறு மின்சார மலை சைக்கிள்களைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து வைத்திருந்தது.

சைக்கிள்கள் அஜித்துடையவை. கரும்பும் மரவள்ளியும் போட்டிருக்கிற பெரிய குடும்பம். சுப்புராயனின் ஒரே மகன். கல்வராயன் மலையில் சைக்கிள் ஓட்டப் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று கண்டுகொண்டு, ஊர் எல்லையில் மலை ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டான். தடித்த டயர், குழியில் விழுந்தாலும் தாங்கும் முன்சக்கர ஃபோர்க். மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். வெள்ளிமலை ஏற்றத்தில் அறுபது வயதுக்காரர்கூட மூச்சு வாங்காமல் ஏறிவிடுவார். சட்டத்தின் நடுக்குழாயில் முழங்கை நீளத்துக்கு ஒரு பேட்டரி. எல்லா வேலையும் அதற்குள்ளேதான்.

செல்லமுத்து எட்டு வருஷம் பெங்களூரில் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி பிரித்துக் கோர்க்கும் பட்டறையில் இருந்தவன். அங்கே அவனோடு தங்கியிருந்த பாவாடை என்கிற பையன், கீழே விழுந்து நசுங்கிய ஒரு பேட்டரியை ஓசியில் கிடைத்ததே என்று பாய்க்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தான். டீ வாங்கப் போன செல்லமுத்து திரும்பி வருவதற்குள் பேட்டரி வெடித்து அறையே எரிந்து முடிந்துவிட்டது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கதவை உடைத்த அந்தக் கை, உள்ளே கிடந்ததைத் தூக்கவும் செய்தது. தூக்கியபோது பாவாடையின் தோல் அவன் உள்ளங்கையோடு வந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு வந்து, அஜித்தின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஆகவே கொட்டகையில் சில சட்டங்கள் இருந்தன. சேறு போக மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். மலை இறங்கி வந்த பேட்டரியைச் சூடு ஆறாமல் சார்ஜில் போடக் கூடாது. ஆள் இல்லாதபோது சார்ஜ் கிடையாது. வாடகைக்குப் போகாத நாட்களில் பேட்டரி பாதி சார்ஜில், தகரத்தின் வெயில் படாத மூலையில் இருக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, செயினில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சைக்கிளும் வெளியே போகாது. கொட்டகைக்குப் பின்னால், ஓலைப் படலோ வைக்கோலோ அண்டாத வெறும் நிலத்தில், இரண்டு டிரம்கள். ஒன்றில் மணல், சந்தேகப்பட்ட பேட்டரிக்கு. மற்றதில் உப்புத் தண்ணீர், இனி வேண்டாம் என்று முதலாளி சொன்ன பேட்டரியின் மிச்சச் சார்ஜை மூன்று நாளில் சாகடிக்க.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அஜித் நண்பர்களோடு மலை இறங்கும்போது ஒரு சைக்கிளை வளைவில் விட்டுவிட்டான். பாலத்துக்குக் கீழே பாறையில் மோதி ஓடைக்குள் விழுந்த சைக்கிளை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. பேட்டரியின் மூலை பிளந்திருந்தது. உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. செல்லமுத்து அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு மணலில் புதைத்தான். இது முடிந்துபோன சாமான், தொடாதீர்கள் என்று அஜித்திடம் இரண்டு தடவை சொன்னான். அஜித் சரி சரி என்றான்.

ஞாயிறு மதியம் மணலைக் கிளறிப் பார்த்தபோது பேட்டரி இல்லை.

போன் போட்டான். அஜித் சிரித்தான். போன வருஷம் அவன் செல்போன் வாய்க்காலில் விழுந்தபோது அரிசிப் பானைக்குள் போட்டுத்தான் காய வைத்தார்களாம், இன்றுவரை ஓடுகிறதாம். அதே மாதிரி இதையும் இரண்டு நாள் நெல்லு மூட்டைக்குள் சொருகி வைத்திருந்தானாம். நல்லா காஞ்சிடுச்சி, கால் மணியா சார்ஜும் ஏறிகினு இருக்கு என்றான். எங்கே என்று கேட்டதற்கு, பெட்ரூமில் கட்டிலுக்கு அடியில், ஏசி ஓடுவதால் சூடாகாது என்றான். போனை வைத்துவிட்டான். மறுபடி எடுக்கவில்லை.

கொட்டகையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. செல்லமுத்து ஓடினான். அஜித்தின் மனைவி சுபஸ்ரீ பிரசவத்துக்குப் போய்த் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கட்டிலின் மேல் யார் படுத்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

கேட்டைத் தட்டிய தட்டில் அஜித்தே வந்தான், லுங்கியும் தூக்கக் கண்ணுமாக.

"தம்பி, அத்த மொதல்ல கழட்டி வெளிய கொண்டாங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

"யோவ், கறிச்சோறு துன்னுட்டு இப்பத்தான் படுத்தேன். உன் தகரக் கொட்டாய வுட என் ரூமு ஜில்லுனு கீது. பச்ச லைட்டு எரியுது. போய் உன் வேலயப் பாரு."

பச்சை என்றால் முழுதாக ஏறிவிட்டது; ஏற ஆரம்பித்த அரை மணி நேரத்தில் அது எரியக் கூடாது. உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொன்னான். தானே போய் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

"எங்க, என் பெட்ரூமுக்குள்ளயா? காலனில இருந்து வந்து என் கட்டிலுக்கு அடில கைய வுடுவியா நீ?"

அடுத்த நொடி அஜித்தின் தலை கேட்டுத் தூணில் மோதியது. இரண்டாவது குத்து வாயில் விழுந்தது. இரண்டு பல் சிமெண்டில் தெறித்தது. மூன்றாவது தேவையே இல்லை, ஆனால் விழுந்தது. சத்தம் கேட்டு மண்வெட்டிக் காம்போடு வந்த சுப்புராயன் அவன் முதுகில் ஓங்கிப் போட்டார். செல்லமுத்து திரும்பிப் பார்க்காமல் கூடத்தைத் தாண்டி உள்ளே போனான். முதுகில் இன்னும் இரண்டு அடி விழுந்தது.

அறையில் சுபஸ்ரீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். நெயில் பாலிஷ் கொட்டியது போல ஒரு வாசனை. கட்டிலுக்கு அடியில் பச்சை விளக்கு. சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பேட்டரியை இழுத்தான். காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. பிளந்த மூலை உப்பியிருந்தது. உள்ளே எதுவோ மெதுவாகச் சீறியது.

"வெளிய போங்கம்மா. கொளந்தய தூக்கினு பின்பக்கமா போங்க."

அவள் போனாளா என்று பார்க்க நேரமில்லை. வாசலில் மாடி கட்டக் கொட்டியிருந்த மணலை ஒரு பாண்டுச் சட்டியில் வாரி, அதற்குள் பேட்டரியை வைத்து, இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடினான். தெருவே பார்த்தது. பின்னால் திருடன் திருடன் என்று சுப்புராயன் கத்தியதையும் தெரு கேட்டது.

பேட்டரி வெடிக்கவில்லை. மணல் டிரம்மில் சாயங்காலம் வரை முனகிவிட்டு அடங்கியது. அவன் மனைவி அம்சவள்ளி மரவள்ளி பிடுங்கப் போன இடத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்து, இப்போதே கள்ளக்குறிச்சிக்கு ஓடிவிடு என்றாள். ஓடினால் அவர்கள் முதலில் இந்த டிரம்மைத்தான் திறப்பார்கள் என்று அவன் அங்கேயே இருந்தான்.

திங்கள் காலை கோயில் முன்னால் பஞ்சாயத்து. நாட்டாமை கண்ணாயிரம் நடுவில். அஜித் வீங்கிய வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றி முப்பது நாற்பது பேர், சிலர் கையில் சைக்கிள் செயின்.

"வெடிச்சுதா?" என்றார் கண்ணாயிரம்.

"இல்லீங்க."

"தீ கீ புடிச்சுதா?"

"இல்லீங்க. புடிச்சிருக்கும்."

கூட்டம் சிரித்தது. எவனோ பின்னாலிருந்து, நேத்து மழகூட வந்திருக்கும், வரல என்றான். மறுபடி சிரிப்பு.

"ஒண்ணுமே ஆவல. அப்ப எதுக்குடா அந்தப் புள்ளய அடிச்ச?"

இரவெல்லாம் செல்லமுத்து அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தான். முதல் குத்து பேட்டரிக்காக. அது நிச்சயம். மூன்றாவது எதற்கு? காலனி என்ற சொல்லுக்கா, குழந்தைக்கா, பாவாடைக்கா? மூன்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை. தலைகுனிந்து நின்றான். நின்றதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. சுப்புராயன் காலில் விழ வேண்டும். வீடு புகுந்து எடுத்த பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செல்லமுத்து உடனே மண்ணில் நெடுக விழுந்தான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடப்பான் போலக் கிடந்தான். எழுந்தபோது, பேட்டரியை மட்டும் கேட்காதீர்கள் என்றான்.

"எங்க பொருளு. நாங்க சார்ஜ் போடுவோம், கொளுத்துவோம். நீ யார்றா?" என்றான் அஜித். துண்டுக்குள்ளிருந்து வந்த சொல் கொழகொழத்தது. "இன்னிக்கே அதே எடத்துல போட்டுக் காட்டுறேன்."

அதே இடத்தில் என்று கேட்டதும் செல்லமுத்து ஓடினான். பதினைந்து பேர் துரத்தினார்கள். கொட்டகைக்குப் பின்னால் போய், மணலைக் கிழித்து, பேட்டரியைத் தூக்கி உப்புத் தண்ணீருக்குள் போட்டான். மூடியை அழுத்தி, டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவிழ்ந்து படுத்தான்.

முதலில் செயின் விழுந்தது. முதுகுச் சட்டை கிழிந்து தோலும் கிழிந்தது. இடுப்பில் மிதித்தார்கள். காதோரம் ஒரு கல் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அடிப்பவர்களில் பாதிப் பேரை அவன் என்றைக்கோ அடித்திருக்கிறான். அந்தக் கணக்கும் சேர்ந்துதான் இறங்கியது. திருப்பி அடிக்கக் கை வேண்டும். இரண்டு கையும் விளிம்பில் இருந்தன. கையை எடுக்க வைக்க, ஒருவன் கொட்டகையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து வலது கைவிரல்கள் மேல் போட்டான். கட்டைவிரல் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அந்தக் கை தானாக விட்டது. இடது கை விடவில்லை.

மூடியின் இடுக்கில் அப்போது நுரை வழிந்தது. தண்ணீர் கொப்புளித்தது. மூக்கை அரிக்கும் ஒரு நெடி கிளம்பியது. ஸ்பேனர்காரன் இருமிக்கொண்டு பின்வாங்கினான். யாரோ, விஷம்டா, வாங்கடா என்றார்கள். ஒன்றுமே ஆகாத சாமான் என்று சிரித்தவர்கள் கரும்புக் காட்டுப் பக்கம் விலகி ஓடினார்கள். செல்லமுத்துவும் காற்று வரும் திசைக்குத் தவழ்ந்து போய், இருபது அடி தள்ளிப் புளிய மரத்தில் சாய்ந்தான்.

அங்கிருந்து மூன்று நாள் அவன் நகரவில்லை. கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. அம்சவள்ளி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அவன் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அழுதாள். நீ போனா நான் பாத்துக்க மாட்டனா என்றும் கேட்டாள். அவள் ஒருத்தி பதினைந்து பேருக்கு என்ன செய்வாள்? கொட்டகைச் சாவியை அஜித்தின் ஆள் வந்து வாங்கிப் போனான். போலீசில் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் மதியம் சுப்புராயன் தனியாக வந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் வராமல் ரோட்டோரமே நின்றார்.

"இன்னும் வெடிக்குமா அது?"

"இனிமே வெடிக்காதுங்க."

"அன்னிக்கும் வெடிக்கல, இன்னிக்கும் வெடிக்காது. எம் புள்ளக்கி மட்டும் பல்லு போச்சி."

"பல்ல ஒடச்சது தப்புதாங்க."

ஆனால் என்று ஏதாவது சொல்வான் என அவர் நின்று பார்த்தார். அவன் டிரம்மையே பார்த்தான். அவர் காறித் துப்பினார். போகிற போக்கில், யார் மீதோ புகார் சொல்வது போல, "மருமவ அந்த ரூம்ல படுக்கமாட்டேன்னுட்டா. கொளந்தய வச்சிகினு கூடத்துல கெடக்கறா. சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார்.

அவர் போன பிறகு செல்லமுத்து மூடியைத் திறந்தான். நேற்று காலையிலிருந்தே குமிழி இல்லை. தண்ணீர் துரு நிறமாக இருந்தது. இடது கையில் இடுக்கியைப் பிடித்துப் பேட்டரியைத் தூக்கி மண்ணில் வைத்தான். குளிர்ந்து கிடந்தது. முனையில் மீட்டரை வைத்தால் சைபர் காட்டும். அதை நம்பக் கூடாது, உள்ளே உயிர் இருக்கலாம். பிளந்த மூலையில் திருப்புளியை விட்டு உறையைப் பெயர்த்தான். உள்ளே பத்து வரிசை செல்கள், பாசி பிடித்தது போல. ஒற்றைக் கையால் மீட்டர் வயர்களின் இரண்டு முள்ளையும் பிடிக்க முடியவில்லை. அம்சவள்ளி சேலையைச் செருகிக்கொண்டு எதிரே குந்தினாள். சிவப்பு முள் அவளிடம், கறுப்பு அவனிடம்.

"எவ்ளோ காட்டுது?"

"சைபர்."

அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். சைபர் என்றாள். அதற்கடுத்தது ஏதோ ஒரு துளி காட்டிவிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் முள்ளை எடுக்கவில்லை. பத்தாவது வரிசையையும் படித்த பிறகு அவன் கறுப்பு முள்ளைக் கீழே வைத்தான். அதன்பிறகுதான் வலது கையைத் தூக்கி, முதல்முறையாக, பார்த்தான்.

"கள்ளக்குறிச்சி பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்றான்.