எக்ஸாமினருக்கு ஒரு கைதட்டல்

போன வாரம் சித்தூரில், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், மாம்பழப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். ஏன் என்கிறீர்களா?

என் அக்கா மகள் மெர்சி திருப்பதியில் பி.எட். படிக்கிறாள். அன்றைக்கு அந்தப் பள்ளியில் அவளுக்கு ஃபைனல் லெசன். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் பாடம் நடத்த வேண்டும் — முழுக்க முழுக்க இங்கிலீஷில். இதில் பெயில் ஆனால் பி.எட். போச்சு. டீச்சர் வேலையும் போச்சு.

மெர்சிக்குத் தமிழ் வரும், தெலுங்கு இன்னும் நன்றாக வரும். இங்கிலீஷ்? சர்ச்சில் பாட்டாக வரும். பேச்சாக வராது.

ஆனால் பி.எட். பிள்ளைகளிடம் இதற்கு ஒரு வழி உண்டு. ஃபைனல் லெசனை ஒரு வாரம் முன்பிருந்தே அதே வகுப்புக்கு நடத்தி ஒத்திகை பார்த்துவிடுவார்கள். மெர்சி ஒரு படி மேலே போனாள். பாடம் மாம்பழத்தைப் பற்றி. அதனால் தினமும் பாடம் முடிந்ததும் நிஜ மாம்பழம், ஆளுக்கு ஒரு துண்டு. பாடம் சீக்கிரம் முடிந்தால் பழமும் சீக்கிரம் வரும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"மாமா, நான் கூப்புட்டாதான் பழத்த உள்ள எத்தினு வரணும். ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கினு நிக்காத!" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மெர்சி வாயைத் திறந்தாள். "வாட் இஸ்…"

"யெல்லோ, டீச்சர்!" என்றது வகுப்பு. கேள்வி என்ன? யாருக்குத் தெரியும்! அவள் மூச்சு இழுப்பதற்குள் "ஸ்வீட், டீச்சர்!" மூன்றாவது கேள்விக்கு அவள் வாயே திறக்கவில்லை, பதில் வந்துவிட்டது. முக்கால் மணி நேரப் பாடம் ஐந்தே நிமிடத்தில் காலி. மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பி என் பையைப் பார்த்தது.

எக்ஸாமினர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். இங்கிலீஷில் நீளமாக ஒரு கேள்வி கேட்டார் — ஒத்திகையில் இல்லாத கேள்வி.

மெர்சி திருதிருவென்று விழித்தாள். எழுந்து நிற்கிறவர்களிடம் ஒரு வாரமாகச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொன்னது: "வெரி குட். சிட் டவுன்."

எக்ஸாமினர் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பதில் சொல்லி உட்கார்ந்தவருக்குத் தட்டுவதுதானே வழக்கம்… வகுப்பே அதிரக் கைதட்டினார்கள்.

வெளியே வந்தவரிடம் மெர்சி அழாத குறையாகப் போய் நின்றாள். "சார், நீங்க கேட்டது எனக்கு அர்த்தமே ஆகல சார்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் ஆச்சாம்மா? அத்த மனப்பாடம் பண்ணிக்கினு வந்து எல்லா ஸ்கூல்லயும் கேக்குறேன். நீ திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தா எம் மானம் பூட்டிருக்கும். பாஸ் போட்டுட்டேன், போம்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பயந்தவர் பயந்தவளுக்குப் பரீட்சை வைக்கிறார். அந்த வகுப்பில் தைரியமாக இங்கிலீஷ் பேசியது மாம்பழத்துக்குக் காத்திருந்தவர்கள் மட்டும்தான்!

மெர்சிக்கு இங்கிலீஷ் எப்போது வருமோ, தெரியாது. ஆனால் எக்ஸாமினரையே உட்கார வைத்தவள்… ஏழாம் வகுப்பை உட்கார வைக்க மாட்டாளா?